ஒரு காதுக்கு மட்டும் மிஷின்

கார்த்திகை 9, செவ்வாய்

காது மிஷின் விலை தலையைச் சுற்ற வைக்கும் என்று போன மாதமே சொன்னேன். அப்படியே ஆயிற்று. தேனிக் கடையில் ஜோடி எண்பதாயிரம் என்றாள் கடைப் பெண். காதைச் சோதிப்பது, அவ்வப்போது போனால் சத்தத்தைத் திருத்தித் தருவது எல்லாம் அதில் அடக்கமாம். போடி ஏலக்காய் ஏலத்தில் பெரிய வியாபாரிகளையே வாயடைக்க வைத்தவன் நான், விடுவேனா?

"திருத்துற காசைக் கழிச்சுட்டு மிஷினை மட்டும் குடும்மா" என்றேன்.

"திருத்தாம மாட்டுனா வெறும் இரைச்சல்தான் கேக்கும் ஐயா."

நான் பேசிய பேச்சில் கடைசியில் அவளே இறங்கி வந்து, ஒரு காதுக்குப் போட்டால் போதும் என்று ஒத்துக்கொண்டாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி பரமேஸ்வரி என் முகத்தையே பார்த்தாள். "என்னங்க சொன்னாக?"

காதருகே குனிந்து கத்தினேன். "ஒத்தக் காதே போதும்னாக."

"நல்லதாப் போச்சு. கடன் வாங்க வேணாம்ல" என்று சிரித்தாள்.

சாயங்காலம் வலது காதில் மிஷினோடு மகளிடம் போனில் பேசினாள். முகமெல்லாம் சிரிப்பு. இடப்பக்கம் நின்று நான் கூப்பிட்டேன். திரும்பவில்லை.

கடைப் பெண் அப்படிச் சொல்லவே இல்லை. இரண்டு காதுக்கும் வேண்டும், விட்ட காதில் பேச்சு இன்னும் மங்கிப்போகும் என்றுதான் சொன்னாள். இவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, இரண்டு தடவை சொன்னாள்.