மஞ்சளில் கலந்த தண்ணீர்

ஜனவரி 19, திங்கள்

காலையில் பனி. எட்டு மணிக்கும் வெயில் ஏறவில்லை. செய்ய வேண்டியவை: கருப்பு வண்ணம் கலக்க. அவர் மாத்திரைச் சீட்டு தேட. பால் அரை லிட்டர் போதும் என்று சொல்ல.

மூச்சுப் பயிற்சிக்கு டாக்டர் கொடுத்த மூன்று பந்துக் கருவியைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்திருக்கிறார். உறிஞ்சினால் பந்து மேலே ஏற வேண்டும். "பந்து விளையாடுத வயசா எனக்கு? போ டீச்சர் அங்கிட்டு." கட்டின பெண்டாட்டி அவருக்கு டீச்சர்தான். ஒரு பந்தும் ஏறவில்லை. அதுதான் கோபம்.

நான் என் பாட்டுக்கு கேன்வாஸில் வண்ணம் ஊற்றிப் பூ வரைய உட்கார்ந்தேன். பள்ளியில் ஓய்வு பெற்ற பின் பிடித்த பைத்தியம், ஃபோனில் பார்த்துப் பழகியது. அக்ரிலிக் ஒரு பங்கு, வெள்ளைப் பசை இரண்டு பங்கு, தண்ணீர் சொட்டுச் சொட்டாக. இட்லி மாவுப் பதம் நகராது. மோர்ப் பதம் நிற்காது. மோர்க்குழம்புதான் சரி. ஈரக் கருப்பின் மேல் மஞ்சளைக் காசளவு ஊற்றி, ஸ்ட்ராவால் ஊதினால் இதழ் விரியும்.

கட்டிலிலிருந்து குரல்: "என்னட்டி, அடுப்பா ஊதுத?"

"நீங்கதான் ஊதிக் காட்டுங்களேன்."

மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு ஊதினார். மஞ்சள் ஓடியது. கை பழக்கத்தில் ஸ்கேலை எடுத்து வைத்தேன். 7 செ.மீ.

"பருத்திப் பூ மாதிரில்லா இருக்கு" என்றார். மாதக்கணக்கில் கேட்காத குரல்.

ஜனவரி 20, செவ்வாய்

பயிற்சி கொடுக்க வரும் பெண்ணிடம் கேட்டேன். "ஊதுதது நல்லதுதான் டீச்சர். மூச்சு வாங்குனா நிப்பாட்டிருங்க." ஆகவே தினம் ஒரு சின்னக் கேன்வாஸ். பின்பக்கம் தேதி.

இன்று 6½.

பருத்திப் பூ முதல் நாள் மஞ்சள், மறுநாள் ரோஸ். அவர் சொன்னது. எப்போதும்வென்றான் கிராமத்தில் சின்ன வயதில் பார்த்தது. அப்புறம் பஞ்சு குடோனில் முப்பது வருடம், கையால் தொட்டே தரம் சொல்லும் வேலை. "அஞ்சு இதழு. எண்ணிப் பாத்துருக்கியா?"

"கணக்கு டீச்சர எண்ணச் சொல்லுதீங்களாக்கும்."

ஜனவரி 22, வியாழன்

திருநெல்வேலி. டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு அவரை வெளியே உட்காரச் சொன்னார். "நுரையீரல் சுருங்கிக்கிட்டேதாம்மா வருது. மருந்து வேகத்தக் குறைக்கும். நிறுத்தாது." எவ்வளவு நாள் என்று கேட்டேன். மாதக்கணக்கில்தான் சொன்னார். எண்ண ஒரு கை விரல்கள் போதும்.

கயத்தாற்றில் டீக்கு வண்டி நின்றது. "என்ன சொன்னாரு?"

"அப்படியேதான் இருக்காம்."

"டீயில சீனி கம்மி" என்றார்.

மாலை 4 செ.மீ. ஸ்கேலைப் பார்த்தார். ஸ்ட்ராவை வேட்டி முனையால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஜனவரி 23, வெள்ளி

மஞ்சளில் இரண்டு ஸ்பூன் தண்ணீர் கூடுதல். மோர்ப் பதம்.

7 செ.மீ.

"பாத்தியா!" உடனே ஓசூரில் இருக்கும் மகளுக்கு ஃபோன். "கலா, அப்பா ஏழத் தொட்டாச்சுட்டி!" அப்புறம் கலா என்னிடம்: "நெசமாவேம்மா?"

"அவியளே சொல்லுதாவல்லா."

ரசத்தில் உப்பு இரண்டு தடவை போட்டிருக்கிறேன். அவர் சொல்லாமல் சாப்பிட்டார்.

ஜனவரி 25, ஞாயிறு

தண்ணீர் மூன்று ஸ்பூன். 7½.

இந்த வாரம் வருவதாக இருந்த கலா, அப்பா தேறிவருவதால் அடுத்த மாதக் கடைசியில் பத்து நாள் தங்குவதுபோல் வருகிறாளாம். சரி என்றேன். ஏன் சரி என்றேன்.

என்னிடம் படித்த செண்பகம் ஞாபகம் வருகிறாள். கணக்கில் 34. ஒரு மார்க் போட்டால் பாஸ். தலைமை ஆசிரியரே கேட்டார். போடவில்லை. இல்லாத மார்க்கைப் போட்டால் தனக்குத் தெரியாதது எது என்று பிள்ளைக்கே தெரியாமல் போகும் என்றேன். வீட்டிலும் வந்து பெருமையாகச் சொன்னேன்.

ஜனவரி 28, புதன்

நாலு ஸ்பூன். 8. நேற்று ஊதியது காய்ந்து வெளிறி, நடுவில் வெடித்திருக்கிறது. தண்ணீர் கூடினால் அப்படித்தான். சுவர்ப் பக்கம் திருப்பிவைத்தேன்.

படி இறங்கும்போது மூன்று தடவை நின்றார். கொடியில் துணி காயவில்லை.

பிப்ரவரி 1, ஞாயிறு

காய்கறி வாங்கித் திரும்பினேன். கேன்வாஸ் எல்லாம் கட்டிலில், தேதி வரிசையில். கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"இது பத்தொம்பதாந் தேதி. வரப்பு மாதிரி கைக்குத் தட்டுப்படுது. இது நேத்தைக்கு உள்ளது. ஒண்ணுமில்ல. வெறும் கறை."

பையைக் கீழே வைக்கவும் மறந்து நின்றேன்.

"எடை கூட்டப் பஞ்சுல தண்ணி தெளிச்சுக் கொண்டாந்தவன் எத்தன பேர இந்தக் கை புடிச்சிருக்கு. ஏட்டி, எங்கிட்டயேவா?"

பையைக் கீழே வைத்தேன்.

"ஒத்த மார்க் போடமாட்டேன்னு நின்னவ. எனக்கு எம்புட்டுப் போட்ட?"

"நாலு ஸ்பூன்."

"டாக்டர் சொன்னது?"

அதையும் சொன்னேன். மாதக்கணக்கு வரை எல்லாவற்றையும். ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. கேன்வாஸ்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு, "கலாவ வரச் சொல்லு" என்றார். கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கலாவிடம் சொல்லும்போது, கரும்பலகை முன் நிற்பதுபோல் ஒவ்வொரு படியாகச் சொன்னேன். இல்லாவிட்டால் முடித்திருக்க மாட்டேன். அழுதாள். திட்டினாள். இரண்டும் சரி.

பிப்ரவரி 4, புதன்

வெயில் வந்துவிட்டது. கலா நாளைக் காலை ரயிலில். அவளுக்குப் பிடித்த சீனி அவரைக்காய் வாங்கியாச்சு.

பெரிய கேன்வாஸ் கேட்டார். மஞ்சளைக் கலக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பூனைத் தூக்கி வழியவிட்டு அவரே பதம் பார்த்தார். "ம். மோர்க்கொழம்பு."

ஒரு இதழ். ஓய்வு. இன்னொன்று. நெடிய ஓய்வு. மூன்றாவது. உதடு நீலமாகிவிட்டது. ஸ்ட்ராவை நீட்டினார். "மிச்சம் ரெண்ட நீ ஊது."

"நாளைக்கு கலா வந்ததும் நீங்களே ஊதுங்க."

"ஈரம் நாளைக்கி வரைக்கும் நிக்குமா டீச்சர்?"

வாங்கிக்கொண்டேன். அவர் இதழ் அளவுக்கே வரும்படி மெல்ல ஊதினேன்.

"பாத்தியா, மறுபடியும் தண்ணி விடுத. முழுசா ஊதுட்டி."

முழு மூச்சையும் ஊதினேன். மஞ்சள் கருப்பைத் தாண்டி, விளிம்பைத் தாண்டி, கீழே விரித்த பேப்பரில் சொட்டியது. சிரித்தார். இருமல். அடங்கியதும் ஐந்தாவதைக் காட்டினார். அதையும் ஊதினேன்.

ஸ்கேலை அவரே பிடித்தார். நான் எழுதிக்கொண்டேன்.

அவர்: 2, 2, 1½.
நான்: 11, 13.