லோங்காங் முடியுமா, முடியாதா

3 ஆகஸ்ட் 1985, கிள்ளான்

எங்கள் சந்துக் குடியிருப்போர் குழுவின் கூட்டம். எந்தக் கட்சியும் சாராத குழு. தலைவர் நாச்சியப்பன் இதைப் பதினொரு முறை சொன்னார். எண்ணினேன்; செயலாளருக்கு வேறென்ன வேலை? மழைத் தண்ணீரை வடிக்கும் பெரிய லோங்காங் கால்வாய் தீபாவளிக்குள் முடிந்துவிடும் என்று அரசாங்கப் பொறியாளர் கடிதம் போட்டிருக்கிறார். இது மூன்றாவது தீபாவளி. போன வருட வெள்ளத்தில், பக்கவாதத்தில் கிடக்கும் என் கணவர் வாலண்டைனைக் கட்டிலோடு தூக்க நான்கு பேர் வேண்டியிருந்தது.

10 ஆகஸ்ட்

மீனாட்சிசுந்தரம் தன் காப்பிக்கடையில் கரும்பலகை மாட்டிவிட்டார். 'முடியும்', 'முடியாது' என்று இரண்டு சீட்டு. எது பலிக்கிறதோ, அந்தச் சீட்டுக்குப் பத்து பாக்கெட் பிஸ்கட். நடுவில் விற்கலாம், வாங்கலாம். இன்று 'முடியும்' ஏழு பாக்கெட்டுக்குப் போகிறது. சந்துக்குப் பத்துக்கு ஏழு நம்பிக்கை என்று அர்த்தமாம். அரசாங்கக் கடிதத்தை பிஸ்கட்டால் அளக்கிறார்கள். நான் 'முடியும்' மூன்று வாங்கினேன். கடிதத்தைக் கோப்பில் வைத்தவள் நானல்லவா.

24 ஆகஸ்ட்

பொறியாளரே வந்து "தொண்ணூறு விழுக்காடு முடிஞ்சிருச்சு" என்றார். கைதட்டினோம். 'முடியும்' எட்டு.

7 செப்டம்பர்

லோங்காங் வேலையின் மேற்பார்வையாளர் கன்னையா. அவர் பத்து 'முடியாது' வாங்கியிருக்கிறார். போய்க் கேட்டேன்.

"சிமெண்டே வரல லா அக்கா. மேல சொன்னா வாய மூடுங்கிறாங்க. சீட்டு வாங்காதேன்னு யாரும் சொல்லல."

விஷயம் பரவி, சாயங்காலத்துக்குள் 'முடியும்' இரண்டு. பயமா இருக்கு. தண்ணி வந்தா இவர எங்க தூக்கிட்டு ஓடுவேன்?

8 செப்டம்பர்

நாச்சியப்பன் தன் கடை மாடியைக் கொடுத்தார். கட்டில் மேலே போனது. பலகை விலையை வாராவாரம் பொறியாளருக்கு அனுப்பக் குழுவில் முடிவு. முதல் கடிதம்: பத்துக்கு இரண்டு.

23 செப்டம்பர்

பதில் வந்தது. சிமெண்டைப் பற்றி அல்ல. சூதாட்டப் பலகையை உடனே அகற்ற வேண்டுமாம். மூன்று வருடம் தூங்கியவர்கள் பதினைந்தே நாளில் விழித்துவிட்டார்கள். 'லோங்காங் முடிந்ததும் அகற்றுகிறோம்' என்று எழுதினேன். நகல், அவருடைய மேலதிகாரிக்கு.

20 நவம்பர்

வெள்ளம். எங்கள் வீட்டில் இடுப்பளவு. மாடியில் இருபத்தொரு பேர். சாப்பாடு, தீபாவளியன்று கன்னையா ஜெயித்த நூறு பாக்கெட். நான் தோற்ற மூன்று சீட்டின் பிஸ்கட்டும் அதில் அடக்கம். வாலண்டைனின் கால் நனையவில்லை. அழுதுவிட்டேன்.

18 ஜனவரி 1986

புதுப் பொறியாளர், புதுத் தேதி: ஏப்ரல் கடைசி. பலகையில் புதுச் சீட்டு; 'முடியும்' பத்துக்கு ஒன்று. பழைய கடிதங்களையெல்லாம் படித்துவிட்டு, "கன்னையா எந்தச் சீட்டு வச்சிருக்காரு?" என்று மட்டும் கேட்டாராம்.

8 மார்ச்

கன்னையா காப்பி குடிக்க வந்தார். கையெல்லாம் சிமெண்ட். 'முடியும்' நான்கு வாங்கிக்கொண்டு போனார்.

கட்டிலைக் கீழே இறக்க நான்கு பேரைக் கூப்பிட்டிருக்கிறேன்.