கடைசிப் பெயர்

காகிதம் இன்னும் சூடாக இருக்கிறது. மை வாசனை. நகல் கடை வாசலிலேயே நின்று பார்த்தேன். நம் கட்டுரையின் அச்சுமெய்ப்பு. இரண்டு நாளுக்குள் திருத்தி அனுப்பச் சொல்கிறது ஆய்விதழ்.

தலைப்புக்குக் கீழே நம் இருவர் பெயர். என்னுடையது சரி. உன்னுடைய இடத்தில் உன் பெயரின் ஒற்றை எழுத்து, பக்கத்தில் உன் அப்பாவின் முழுப்பெயர். அதன் தலையில் ஒரு சின்னக் குறி. அடிக்குறிப்பில்: காலமானார்.

உன் அப்பா உயிரோடு இருக்கிறார்.

தவறு என்னுடையது. கட்டுரையை இதழின் இணையதளத்தில் ஏற்றிய அன்று பெயருக்கு இரண்டு கட்டங்கள் இருந்தன. முதல் பெயர், கடைசிப் பெயர். இரண்டாவதை வெறுமையாக விட்டால் அடுத்த பக்கம் திறக்கவில்லை. உன் இனிஷியலை விரித்து அதில் எழுதினேன். இந்த இதழ் முதல் பெயரைச் சுருக்கிவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. அன்று அதைப் பார்த்துவிட்டு நீ சண்டைக்கு வந்தாய்.

"ஏட்டி, ஆத்துல இறங்கித் தண்ணி மோந்தது நானு. எங்கப்பா எங்கன வந்தாரு?"

"உம் பேரும் இருக்குல்லா."

"ஒத்த எழுத்தா இருக்கு. நாளைக்கு எவனாச்சும் மேற்கோள் காட்டுனா எங்கப்பா சொல்லுதாருன்னுல்லா எழுதுவான். அவரு பிஎச் மீட்டரப் பாத்துட்டு, இது காய்ச்சல் பாக்கவான்னு கேட்டவரு."

சிரித்தோம். "ப்ரூஃப் வரும்போது மாத்திரு, மறந்திராத" என்றாய்.

இரண்டாவது மதிப்பீட்டாளர், யாரென்று நமக்குச் சொல்லப்படாதவர், கோடையில் எடுத்த ஆற்றுநீர் மாதிரியும் வேண்டும் என்றார். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குக் கீழே முழங்கால் தண்ணீரில் நின்று எடுத்தாய். திருத்திய பிரதி போய்ச் சேர்ந்தபோது நீ இல்லை. காய்ச்சல். ஐந்து நாள். இதழுக்குத் தெரிவித்தேன். பதிலில் இரங்கல் ஒரு வரி. உன் பெயரைப் போடக் குடும்பத்தின் ஒப்புதல் வேண்டும் என்று மூன்று வரி.

மதியம் உன் அப்பாவை அழைத்தேன். வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். பெயர் மாறி விழுந்ததைச் சொன்னேன். குறியையும்.

"என்ன குறி தாயி?"

"சிலுவை மாதிரி இருக்கும்ப்பா."

"நாங்க சர்ச்சுக்குப் போற வேதக்காரங்க இல்லையே."

"சிலுவை இல்லப்பா. காலமானவங்கன்னு காட்டுத குறி."

மண்வெட்டியால் மடையை அடைக்கும் சத்தம் கேட்டது.

"இப்பம் எம் பேருலதான கெடக்கு? அங்கனயே கெடக்கட்டும். பிள்ள பேருல போடாண்டாம்."

டீ குடித்தேன். பேனாவைத் திறந்தேன். உன் பெயரை எழுத்து எழுத்தாக, முழுதாக எழுதினேன். உன் அப்பா ஒற்றை எழுத்தானார். பிறகு குறி. ஒரு அம்பு போட்டு அதை உன் பெயருக்கு மேல் கொண்டுவந்தேன். படமெடுத்துத் தளத்தில் ஏற்றினேன். நன்றி என்று வந்தது.

சாயங்காலம் அவரே அழைத்தார்.

"அனுப்பிட்டியா தாயி? நாஞ் சொன்ன மாதிரிதான?"

"ஆமாப்பா."

அச்சில் வந்ததும் ஒரு பிரதி கொண்டுவரச் சொன்னார். கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவாராம். சரி என்றேன்.