மடுவுக்குப் போகிற வழியில் ஆறு

யூன் 18, புதன்
சோளகக் காற்று ஓய்ந்தபாடில்லை. வகுப்பு முழுக்கப் புழுதி, சோக்குப் பெட்டிக்குள்ளும்.

ஒன்பதாம் ஆண்டுக்கு ஆறுகள் பாடம், தொடங்கி மூன்றாவது கிழமை. அனலைதீவிலிருந்து படகில் வரும் நிரோசாவை எழுப்பி, ஆறு என்றால் என்ன என்று கேட்டேன். "உயர்நிலத்தில் ஊற்றெடுத்துக் கடலை நோக்கி ஓடும் நன்னீர்." ஒரு சொல் பிசகவில்லை. இருக்கச் சொன்னால் இருக்கிறாளில்லை. "ரீச்சர், ஆத்துத் தண்ணியும் உப்போ?"

ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் அதே சந்தேகம். ஆற்றை ரீவியில் கண்டதுதான், ரீவியில் உப்புத் தெரியுமா? பவுசர் லொறியில் வரும் தண்ணீரை வாளியில் பிடிக்கிற பிள்ளைகள். இவர்களுக்குக் கரும்பலகையில் கழிமுகம் கீறிக் காட்டுகிறேன். விசர் வேலை.

யூன் 20, வெள்ளி
பள்ளி அதிபர் சிஸ்டரிடம் போனேன். பிள்ளைகளுக்கு மகாவலி ஆற்றைக் காட்ட வேண்டும் என்று தொடங்கினேன், முடிக்க விடவில்லை.

"மடுவுக்குப் போறம்தானே ரீச்சர். வழியில ஆறு வரும், காட்டுங்கோ."
"பஸ்ஸை நிப்பாட்டலாமோ சிஸ்டர்?"
"ஓமோம். பத்து நிமிசம்."

நான் சைவம். வருடாவருடம் மடு மாதா கோயிலுக்குப் பிள்ளைகளை மேய்க்க ஏற்றுவார்கள், முணுமுணுத்துக்கொண்டு போவேன். இம்முறை சந்தோசம். வீட்டில் இவர் மட்டும், "உமக்கேன் இந்த வில்லங்கம்? புத்தகத்தில கிடக்கிறதைப் படிப்பியுமன்."

பி.கு. தொப்பி, தண்ணீர்ப் போத்தல், பஸ்ஸில் சத்தி எடுக்கிற பிள்ளைகளுக்குக் குளிசை.

யூன் 28, சனி
நெருப்பு வெயில். பூநகரி தாண்ட பஸ்ஸுக்குள் செபமாலை தொடங்கியது. முதல் பாலம் வந்தது. எந்த இடத்தில் குறுக்கிடலாம் என்று எனக்குத் தெரியாது. பாலம் போய்விட்டது. இரண்டாவது பாலத்தில் கத்தியேவிட்டேன், "அண்ணை, நிப்பாட்டுங்கோ."

இறங்கினோம். மணல். கரைக்குக் கரை மணல். நடுவில் இரண்டு மாடு.

"ரீச்சர், ஆறு எங்க?"
"இதுதான்."
"தண்ணி?"
"மாரியில வரும்."

பெடியள் மறுகரைக்கு ஓடிப்போய் ஓடி வந்தார்கள். நிரோசா நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். சிஸ்டர் பஸ் படியில் நின்றபடி, "இதுக்கோ ரீச்சர் செபத்தை மறிச்சனீங்கள்?"

வறண்ட காலம் என்று எனக்குத் தெரியாதா? பூகோளம் படிப்பிக்கிறவளாம்.

யூலை 22, செவ்வாய்
தலையிடி. தவணைப் பரீட்சைத் தாள் திருத்தம், பாதி ஆயிற்று. முதலாம் கேள்வி: ஆறு என்றால் என்ன?

நிரோசா: "ஆறு என்பது பாலத்துக்குக் கீழே உள்ள அகலமான மணல். நடந்து மறுகரைக்குப் போகலாம். மாரியில் தண்ணீர் வரும் என்று ரீச்சர் சொன்னார். நாங்கள் காணவில்லை."

புள்ளித் திட்டப்படி பூச்சியம். போன மாதம் சரியாகச் சொன்ன பிள்ளை. கூட்டிக்கொண்டு போய்க் கெடுத்தது நான். ஆனால் எந்த வரி பொய்? அரை மணித்தியாலமாகச் சிவப்புப் பேனையோடு இருக்கிறேன், பிழை போடக் கை வருகுதில்லை. நாளைக்குத் தாள் கொடுக்க வேண்டும்.