நடைப்பயிற்சி அறைக்கு விழாத ஓட்டு

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகளும் குழந்தையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். இங்கே நாங்கள் இருவரும் இருக்கிறோம். ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். ஃபோனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. போதாததற்கு அப்பா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இது அவர் காதில் விழக் கூடாத சங்கதி.

முதலில் உன் புகழைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்நல அறக்கட்டளை அலுவலக வாசலில் உன் போட்டோவைப் பெரிதாக மாட்டியிருக்கிறார்கள். கோட்டு போட்டுக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாய். கீழே, “நான் பறவைகளுக்காக ஓட்டுப் போட்டேன்” என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. சின்ன வயதில் ஜன்னலில் ஒரு புறா வந்து உட்கார்ந்தால் வீட்டையே ரெண்டுபடுத்தி அழுத பிள்ளை நீ. திடீரென்று என்ன பாசமோ!

நூலகத்துக்குப் பின்னால் இருக்கிற நடைப்பயிற்சி அறையை இந்த மாதக் கடைசியில் மூடுகிறார்கள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்ததிலிருந்து நான் அவரைக் கூட்டிப்போகிற இடம் அதுதான். பெரிய இடமெல்லாம் இல்லை. பிடித்து நடக்க இரண்டு இரும்புக் கம்பிகள், ஆள் உயரக் கண்ணாடி ஒன்று, ஏறி இறங்கிப் பழக எங்கும் போகாத மூன்று மரப்படிகள், பிசியோதெரபி பார்க்கிற ஒரு பெண். அவள் சம்பளம் அறக்கட்டளையிலிருந்து வந்தது. “இன்னும் நாலு அடி வைங்க சார், அப்புறம் முறைக்கலாம்” என்பாள். அவள் அதட்டுவதில் பாதி நான் அதட்டியிருந்தால் எங்கள் குடும்பம் என்றோ இரண்டாகியிருக்கும். அவளிடம் மட்டும் அப்பா வாயை மூடிக்கொண்டு நடந்தார். ஆமாம், நடக்கிறார். அதைப் பிறகு சொல்கிறேன்.

முன்பெல்லாம் அறக்கட்டளைக் கமிட்டிக்காரர்கள் நேரில் வருவார்கள். ஊர்க்காரர்கள் கொடுப்பதும், உன்னைப் போல வெளியே போனவர்கள் அனுப்புவதும் ஓரிடத்தில் சேரும். எங்கே என்ன தேவை என்று பார்த்துப் பிரித்துக் கொடுப்பார்கள். கமிட்டியிலிருந்த மருந்துக்கடைக்காரர் ஒரு தடவை அந்தக் கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, “ஆடுதே, யாராவது விழுந்து வைக்கப்போறாங்க” என்று மறுநாளே ஆள் அனுப்பிச் சரிசெய்தார். அவர் ஒன்றும் மகான் இல்லை, காலாவதியான மாத்திரையை என் தலையில் கட்டப் பார்த்த ஆள்தான். ஆனாலும் வந்து கம்பியை ஆட்டிப் பார்த்தார்.

இப்போது நாகரிகம் வந்துவிட்டது. உதவி வேண்டுமென்றால் சின்னதாக ஒரு வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். பணம் கொடுத்தவர்கள் அவரவர் சோபாவில் சாய்ந்தபடி பார்த்து ஓட்டுப் போடுவார்கள். அதிக ஓட்டு வாங்கியவருக்கே மொத்தப் பணமும். இந்த மகத்தான யோசனை உன்னுடையது என்று செயலாளர் மேடையிலேயே அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். பக்கத்து நாற்காலிக்காரி என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் நானும் தட்டித் தொலைத்தேன்.

அந்தச் செயலாளருக்கு நான் வைத்திருக்கிற பெயர் ‘ரொம்ப சந்தோஷம்’. எதைச் சொன்னாலும் அவர் வாயில் வருவது அதுதான். வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் என்று சொன்னேன், “அப்படியாம்மா, ரொம்ப சந்தோஷம்” என்றார்.

எங்கள் அறைக்கு வீடியோ எடுக்க அவரே ஒரு கேமராக்காரனைக் கூட்டி வந்தார். அன்று அப்பா கம்பியைப் பிடிக்காமலே நடந்து காட்டினார். கேமராக்காரன் முகம் தொங்கிவிட்டது. “இவ்வளவு நல்லா நடந்தா யாரு சார் ஓட்டுப் போடுவாங்க? கொஞ்சம் தடுமாறுங்க. முடிஞ்சா லேசா விழுங்க, நாங்க பிடிச்சுக்கிறோம்” என்றான். ‘ரொம்ப சந்தோஷம்’ அதற்குத் தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பி, “நீங்க அழுதா இன்னும் நல்லாருக்கும்மா” என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகை எங்கிருந்து வரும்?

அப்பாவுக்கு இப்போது தெளிவாக வருகிற வார்த்தைகள் கொஞ்சம்தான். அதில் ஒன்று “போடா”. அன்று அதை மிகத் தெளிவாகச் சொன்னார். கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, தலையைக் கோதிக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து நடந்தார். மூன்று படியும் ஏறினார். மேல் படியில் நின்று கேமராவைப் பார்த்து, விழுந்துபோயிருந்த அந்தக் கையைத் தூக்கிக் காட்டினார். அவ்வளவுதான் வீடியோ. அழுகையும் கிடையாது, சோக வாத்தியமும் கிடையாது.

பறவைகளுக்குக் குளம் கட்டப் பணம் கேட்டவர்கள் ஆகாயத்திலிருந்து படம் பிடித்து, பாட்டெல்லாம் போட்டிருந்தார்கள். ஜெயித்தார்கள். குளம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதே. அறக்கட்டளை வாசலில் ஒரு சிமெண்ட் தொட்டி, சுற்றி நீல விளக்கு. பறவை என்று வந்தது ஒரே ஒரு காக்கா. அதுவும் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. எங்கள் அறையில் கம்பியைப் பிடுங்கிவிட்டு விழா நாற்காலிகளை அடுக்கப்போகிறார்களாம். பிசியோதெரபி பெண்ணும் வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டாள்.

ஓட்டு உன் இஷ்டம், அதைக் கேட்க நான் யார்? ஆனால் போன வாரம் ஃபோனில், “அப்பா எழுந்து உட்கார்றாராம்மா?” என்று கேட்டாயே, அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லா வீடியோவையும் பார்த்துவிட்டுத்தான் ஓட்டுப் போட வேண்டும் என்று விதி எழுதிய மகானுபாவன், எங்கள் வீடியோவைத் திறக்கவே இல்லை. திறந்திருந்தால் முதலில் தெரிவது உன்னைப் பெற்றவர் முகம்தான். அவர் நடக்கிற விஷயத்தை உன்னிடம் சொல்லக் கூடாது என்று எனக்குக் கட்டளை. “அவனே பாக்கட்டும்” என்றார். அந்தக் கேமராக்காரப் பயலைப் “போடா” என்ற பிறகும் அவர் திரும்ப நடந்தது அறக்கட்டளைக்காக என்றா நினைக்கிறாய்? உன்னை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உடனே பணம் அனுப்புகிறேன் என்று ஆரம்பிக்காதே. வெல்டிங் கடைக்காரரிடம் சொல்லி வீட்டுக் கூடத்திலேயே கம்பி பதிக்க ஏற்பாடு செய்துவிட்டேன். என்னென்ன பயிற்சி என்று பிசியோதெரபி பெண் ஊரைவிட்டுப் போவதற்குள் எனக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். ‘ரொம்ப சந்தோஷ’த்திடம் சிபாரிசுக்கும் போகாதே. அந்த ஆள் அதற்கும் ஒரு வீடியோ கேட்பார்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அப்பா தினமும் சாயங்காலம், “பாத்தானா?” என்று கேட்கிறார். பார்த்தான், அசந்துபோய்விட்டான், மருமகளையும் கூப்பிட்டுக் காட்டினான் என்று சொல்லிவைத்திருக்கிறேன். என்ன சொன்னான் என்று குடைந்தார். “எங்கப்பாவா கொக்கா” என்று சொன்னாய் என நானே இட்டுக்கட்டினேன். அன்றைக்குக் கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார், உட்காரச் சொன்னாலும் கேட்கவில்லை.

அந்த வீடியோ இன்னும் அறக்கட்டளையின் வலைப்பக்கத்தில் கிடக்கிறது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தடவை பார். பிறகு அப்பாவுக்கு ஃபோன் போட்டு, நான் சொன்னதை நீ சொன்னதாகவே சொல். நீயும் உன் குடும்பமும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருங்கள். இந்த வயதில் என்னை அவர் முன்னால் பொய்க்காரி ஆக்கிவிடாதே, கண்ணா.

இப்படிக்கு,
உன் அம்மா