அம்மாவை மணப்பெண் ஆக்கிய படம்

முந்தாநாள் உன் அண்ணன் மகன் ஒரு கவரோடு வந்தான். நீ போய்விட்ட செய்தியைப் போன வாரமே போனில் சொல்லியிருந்தான். "அப்படியா" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். இப்போது நேரில் வந்து, கவருக்குள் இருந்த படங்களை மேசைமேல் பரப்பினான். ஏழெட்டுப் படங்கள். பனியில் நீ, தோட்டத்தில் நீ, பிறந்தநாள் கேக்குக்குப் பின்னால் நீ. எல்லாவற்றிலும் பல் தெரியச் சிரிக்கிறாய்.

"மாமா அனுப்பினதும்மா. இதுல எதுக்கு மால போடறது? வர்றவங்க பாத்துட்டு என்னா நினைப்பாங்க? உங்க கிட்ட பழசு ஏதாவது இருக்குமா?" என்றான்.

உன் வெள்ளைக்காரப் புருஷனின் ஊரில் செத்தவர்களைச் சிரித்த முகமாகத்தான் நினைத்துக்கொள்வார்களாம். நம் ஊரில் சுவரில் மாட்டும் படம் சிரித்தால் நமக்கே ஒரு மாதிரி இருக்கும். உன் இருபதாவது வயதில் நான் வேலை பார்த்த ஸ்டுடியோவில் எடுத்த படம் ஒன்று என்னிடம் இருந்தது. இறுக்கமாக நேராகப் பார்த்துக்கொண்டு நிற்பாய். எடுத்துக் கொடுத்தேன். "இதாம்மா சரி" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டான். அவன் போனபின் எனக்குத்தான் வேலை ஓடவில்லை. உனக்கு எழுதி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இனி பதில் வராது என்பதால் எழுதலாம்.

பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு நாம். எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் நான் தேரடிப் பக்கம் இருந்த ஸ்டுடியோவில், படங்களைத் தொட்டுத் திருத்தி வரைகிற டச்சிங் வேலைக்குச் சேர்ந்தேன். உனக்கு இங்கிலீஷ் நன்றாக வரும். ஆசிரமத்துக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு ஊரைச் சுற்றிக்காட்டப் போய்விட்டாய். சாயங்காலமானால் நேராக ஸ்டுடியோவுக்கு வந்து என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வாய்.

அப்போது நம் ஊரில் பாதிப் பேருக்கு உயிரோடு இருக்கும்போது படம் எடுத்துக்கொள்ள வாய்க்காது. செத்த பிறகு நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, மாலை போட்டு ஒரே ஒரு படம். அதில் மூடியிருக்கும் கண்களைத் திறந்த மாதிரி வரைவது என் வேலை. நீ என் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பாய். "கருவிழியைக் கொஞ்சம் கீழ வைடி. மேல பாத்தா பயமா இருக்குது" என்பாய். நீ சொன்னது எப்போதும் சரியாக இருக்கும். முகத்தைப் படிக்க உன்னைப்போல் யாருக்கும் தெரியாது.

அந்த வெள்ளைக்காரம்மா வந்தது அந்தச் சமயத்தில்தான். கழுத்தில் இரண்டு கேமரா, காலில் ஆண்கள் போடும் பூட்ஸ். நம் ஊரைப் பற்றிப் படப் புத்தகம் போடப்போவதாகச் சொன்னார். நீ அவருக்குத் துணை. தினமும் சாயங்காலம் அவர் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கவைப்பாய். பூக்காரம்மாவை ஒற்றை விரலை மடக்கிக் கூப்பிட்டாராம், அந்தம்மா "நான் என்னா நாயா?" என்று பாய்ந்தாளாம். உள்ளங்கையைக் கீழே பார்த்தபடி வைத்துக் கூப்பிட நீதான் சொல்லிக்கொடுத்தாய். எல்லாவற்றையும்விட அவரைக் குழப்பியது நம் தலையாட்டல்தான். "ஆமாவா, இல்லையா? எனக்கு ஒண்ணும் புரியலை" என்று பாவம் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருப்பாராம்.

"வாயில சொல்றது பாதிதான்டி. மீதிய தலையும் கையும்தான் சொல்லுது. அந்த மீதிக்குத்தான் அவங்களுக்கு நான் வேணும்" என்றாய். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பேச்சை இத்தனை வருஷமும் மறக்க முடியவில்லை.

அந்தப் பங்குனியில் அப்பா போய்விட்டார். கீழ்பென்னாத்தூர் போகிற பஸ்ஸில் கண்டக்டர். டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சீட்டில் சரிந்தாராம். நான் ஸ்டுடியோவில் இருந்தும் அவருக்கும் உயிரோடு எடுத்த படம் கிடையாது. அவர் கண்களையும் நான்தான் வரைந்தேன். அன்றைக்கும் நீ பக்கத்து ஸ்டூலில் இருந்தாய். என் முதுகில் கை வைத்துக்கொண்டே இருந்தாய்.

ஒன்பதாம் நாள் மத்தியானம். அம்மாவை நடுவீட்டில் உட்காரவைத்து, தாய்மாமன் கொண்டுவந்த சிவப்புப் பட்டைக் கட்டி, முகத்தில் மஞ்சள் பூசி, பெரிய குங்குமப் பொட்டு வைத்து, தலை கொள்ளாமல் மல்லியும் கனகாம்பரமும் வைத்து, இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல் அடுக்கினார்கள். மறுநாள் விடிந்ததும் எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு பூவும் இல்லை, பொட்டும் இல்லை. இதெல்லாம் உனக்கு நான் சொல்லவேண்டியதே இல்லை. உன் அம்மாவுக்கும் அப்படித்தானே நடந்தது.

அந்த நேரத்தில்தான் நீ அந்த வெள்ளைக்காரம்மாவை அழைத்துக்கொண்டு உள்ளே வந்தாய். என்னை மூலைக்குக் கூப்பிட்டு, "ஒரே ஒரு படம்டி. அவங்க ஞாபகத்துக்கு மட்டும். வெளிய போவாது, என்மேல சத்தியம்" என்றாய். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சொன்னது நீ. "அம்மாவையே கேளு" என்றேன்.

நீ அம்மா முன்னால் குனிந்தாய். "பெரிம்மா, இவங்க ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" அம்மா உன்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. கண்ணீர் வழிய, அவள் தலை பக்கவாட்டில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அது ஒன்பது நாளாகவே ஆடிக்கொண்டிருந்தது. சோறு வைத்தாலும் ஆடும், யாராவது கட்டிப்பிடித்து அழுதாலும் ஆடும். அந்த ஆட்டத்துக்குச் சம்மதம் என்று அர்த்தம் இல்லை என்பது வீட்டில் இருந்த சின்னக் குழந்தைக்கும் தெரியும். வெள்ளைக்காரம்மா உன்னிடம் ஏதோ கேட்டார். நீ "யெஸ்" என்றாய். அவர் மறுபடி கேட்டார். மறுபடியும் "யெஸ்". நான் உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை.

அடுத்த வருஷமே அவர் உதவியாளராக உன்னைத் தன் நாட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நான்தான் உன்னை வழியனுப்பினேன். அன்றைக்கு அழுதது நான்தான்.

அம்மா பௌர்ணமி தவறாமல் மலை சுற்றுவாள். அப்பா போனபிறகு அது ஒன்றுதான் அவளை வீட்டைவிட்டு வெளியே கொண்டுவந்தது. நீ போய் இரண்டு வருஷம் இருக்கும். ஒரு பௌர்ணமி, வெயில் தாழ நானும் அவளும் புறப்பட்டோம். அடி அண்ணாமலையில் ஒரு டீக்கடை பெஞ்சில் கால் ஆற உட்கார்ந்தோம். கடை வாசலில் ஒரு கயிறு கட்டி, துணி மாட்டும் கிளிப் போட்டு வெளிநாட்டுக்காரர்களுக்கான பட கார்டுகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். கோபுரம், மலை, ஒரு சாமியார், தேர். அம்மா ஒரு கார்டையே உற்றுப் பார்த்தாள்.

"யாருடி இது, என்னை மாதிரியே இருக்குது?"

நான் எழுந்து போய்ப் பார்த்தேன். சிவப்புப் பட்டு, மஞ்சள் முகம், தலை கொள்ளாத பூ, கன்னத்தில் வழிகிற கண்ணீர். கீழே இங்கிலீஷில் இரண்டு வரி. மணப்பெண், திருவண்ணாமலை. அதற்கடியில் சின்ன எழுத்தில், ஆனந்தக் கண்ணீர்.

"என்னா போட்டிருக்குது?" என்று கேட்டாள். என்னால் பொய் சொல்ல முடியவில்லை. படித்துச் சொன்னேன். கடைக்காரர் வேறு, "அது ஜாஸ்தி போவுதும்மா, வர்ற வெள்ளக்காரங்க எல்லாம் அதத்தான் எடுக்கறாங்க" என்றார். அவருக்கு எதிரில் வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருப்பவள்தான் படத்தில் இருப்பவள் என்று தெரியவில்லை.

அம்மா எழுந்து போய், கிளிப்பைக் கழற்றி, கார்டைத் திருப்பி முகம் உள்பக்கம் இருக்கிற மாதிரி மறுபடி மாட்டினாள். அதுதான் அவள் சுற்றிய கடைசிச் சுற்று. நான் எத்தனை கெஞ்சியும் அதன்பிறகு மலை சுற்ற வரவேயில்லை. ஒரு மாதத்தில் செய்தி உறவுக்காரர்களிடம் போய்விட்டது. அப்பாவின் தங்கை வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டு கேட்டாள்: "எங்கண்ணன் போன ஒன்பதாம் நாளு எப்பிடி அண்ணி போஸ் குடுக்க மனசு வந்துச்சு?" அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எனக்கு அந்த வெள்ளைக்காரம்மாவின்மேல்தான் ஆத்திரம். கார்டின் பின்னால் இருந்த விலாசத்துக்கு, ஸ்டுடியோ முதலாளியை விட்டு இங்கிலீஷில் எழுதவைத்தேன். "நீங்கள் மணப்பெண் என்று விற்பது புருஷனைப் பறிகொடுத்து ஒன்பதே நாளான என் அம்மாவை" என்று எழுதச் சொன்னேன். இரண்டு மாதம் கழித்து பதில் வந்தது. முதலாளி படித்து அர்த்தம் சொல்லச் சொல்ல, நான் கையில் பிடித்திருந்த பென்சிலைக் கீழே வைத்தேன்.

அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று வரும் வழியிலிருந்தே அவர் உன்னிடம் மூன்று முறை கேட்டாராம். கல்யாணச் சடங்கு என்று சொன்னாயாம். பெண் ஏன் அழுகிறாள் என்றதற்கு, பிறந்த வீட்டைப் பிரிகிற சந்தோஷ அழுகை என்றாயாம். அவர் ஊரில் சாவு என்றால் கறுப்பு. இத்தனை சிவப்பும் மஞ்சளும் பூவும் நடுவில் இருக்கும்போது சாவு என்று தனக்குத் தோன்றவேயில்லை, வயதைப் பார்த்துக் கொஞ்சம் சந்தேகம் வந்தது, ஆனால் நீ சொன்னபிறகு நம்பிவிட்டதாக எழுதியிருந்தார். துக்க வீடு என்று தெரிந்திருந்தால் கேமராவைப் பையிலிருந்தே எடுத்திருக்கமாட்டேன் என்றும். கார்டு அச்சடிப்பதை நிறுத்திவிட்டார். அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு தனித் தாள் வைத்திருந்தார். அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அந்தம்மா என்னா பண்ணும், அதுக்கு என்னா தெரியும்?" என்றாள்.

உன் பெயரை அவள் சொல்லவில்லை.

உனக்கு ஒரு கடிதம் போட்டேன். ஏன் அப்படிச் செய்தாய் என்ற ஒரே கேள்விதான். நீ பதில் எழுதினாய், உன் மற்ற கடிதங்களைக் கிழித்தபோதும் அதை மட்டும் நான் கிழிக்கவில்லை. "துக்கம் என்று சொல்லியிருந்தால் அவர் எடுத்திருக்கமாட்டார். அப்படி ஒரு படம் கிடைக்காமல் போயிருந்தால் என்னைத் திரும்பியும் பார்த்திருக்கமாட்டார். எனக்கு அந்த ஊரைவிட்டுப் போகவேண்டியிருந்தது. நீ மட்டும் யோக்கியமா? பிணத்துக்குக் கண் திறந்து வைக்கிறாயே, அது பொய் இல்லையா?"

பல மாதம் அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. ஒவ்வொரு கண்ணாக வரையும்போதும் கை நின்றது. வேலையை விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். அப்புறம் ஒரு நாள், சோமாசிபாடியிலிருந்து வந்த ஒருத்தர் நான் கண் வரைந்து கொடுத்த தன் அப்பா படத்தை வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். அந்தக் கண்கள் வரைந்தவை என்று அவருக்குத் தெரியும். பார்க்கிற அத்தனை பேருக்கும் தெரியும். நான் யாரையும் ஏமாற்றவில்லை. அவருக்குத் தன் அப்பா தன்னை ஒரு முறை பார்க்கவேண்டும், அவ்வளவுதான். நீ செய்தது வேறு. எங்களுக்கு அது ஞாபகப் படம் என்றாய், அந்த வெள்ளைக்காரம்மாவுக்கு அது கல்யாணம் என்றாய். நடுவில் நின்று இரண்டு பக்கமும் பொய் சொன்னாய். இதை உனக்கு எழுதவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

பிறகு நீ ஒரே ஒருமுறை வந்தாய், எண்பத்து நாலில். கூடவே உன் புருஷன், நல்ல உயரம், வாசலில் தலையை இடித்துக்கொண்டார். கை கூப்பி "வணக்கம்" என்றார். அம்மா உள்ளேயிருந்து வந்து, "வாம்மா, நல்லா இருக்கியா?" என்று கேட்டு நாற்காலி போட்டாள். அவ்வளவு நடந்தபிறகும் வந்தவர்களை உபசரிக்கும் பழக்கத்தை அவளால் மாற்றிக்கொள்ள முடியவில்லை. நான் காப்பி கொடுத்தேன். அவர் இடது கையை நீட்டினார். நீ ஒரு பார்வை பார்த்தாய், அவர் சட்டென்று கையை மாற்றிக்கொண்டார்.

ஒரு மணி நேரம் இருந்தீர்கள். பனி, ரயில், உன் வேலை என்று என்னென்னவோ பேசினாய். கார்டைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. வருமா வருமா என்று நான் உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா மடியில் ஒரு புடவையை வைத்துவிட்டு எழுந்தாய்.

வாசலுக்குப் போனவள் நின்றாய். கல்யாணமாகி முதல்முறையாக வீட்டுக்கு வந்தவள் நீ. குங்குமம் கொடுக்காமல் அனுப்பமாட்டார்கள் என்று உனக்குத் தெரியும். அம்மா தொடக்கூடாது, அதனால் நான்தான் கொடுக்கவேண்டும். குங்குமச் சிமிழ் என் கைக்கெட்டும் தூரத்தில் மாடத்தில் இருந்தது. நீ நெற்றியைக் கொஞ்சம் தாழ்த்தினமாதிரி காத்துக்கொண்டிருந்தாய்.

நான் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றேன்.

பிரிய மனசில்லாமல் நீ நிற்கிறாய் என்று உன் புருஷன் நினைத்துக்கொண்டார். உன் முதுகைத் தட்டிக்கொடுத்தார். என்னைப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தார். நானும் அவருக்குக் கையசைத்தேன். நீ என் கட்டிய கையைப் பார்த்தாய், என் முகத்தைப் பார்த்தாய். உன் முகம் வெளுத்தது. படியிறங்கிப் போய்விட்டாய். அதன்பிறகு நீ வரவேயில்லை, நானும் கூப்பிடவில்லை.

அந்த வெள்ளைக்காரம்மாவை எப்போதோ மன்னித்துவிட்டேன், அவருக்கு நம் சடங்கு தெரியாது. உன் புருஷனுக்கும் அன்றைக்கு என்ன நடந்தது என்று கடைசிவரை தெரிந்திருக்காது. உனக்கு மட்டும் நான் வாயே திறக்காமல் முழுசாகப் புரிந்தது. அவ்வளவு புரிகிறவள்தான், அந்த ஒன்பதாம் நாள் என் அம்மாவின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் குனிந்து பார்த்துவிட்டு "யெஸ்" என்றாய். இதை எங்கே இறக்கிவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. சுமந்துகொண்டுதான் இருக்கிறேன்.