ஜவாதுக்கு வந்த அதே நோய்

வெள்ளவத்தை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் சப்ரிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நான் எழும்பி நடமாடுகிறேன், நீங்களும் ரிஸ்னாவும் மெல்பேர்னில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன், இன்றைக்கும் கேட்டேன், கோபத்தோடுதான் கேட்டேன். அங்கே சரியான குளிர் என்று ரிஸ்னா போட்டோ போட்டிருந்தா, நீங்கள் சளிக்காரர், காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள். போன் இருக்க உம்மா ஏன் கடிதம் எழுதுகிறா என்று நினைப்பீர்கள். போனில் நான் ஒரு வார்த்தை தொடங்க முன்னரே நீங்கள் நாலு வார்த்தை சொல்லி என் வாயை அடைத்துவிடுகிறீர்கள், பக்கத்தில் ரிஸ்னாவும் இருப்பா. மேல்மாடி ஷாமிலா அங்கே வாறா, அவவிடம் கொடுத்து அனுப்புகிறேன், தனியாக இருந்து வாசியுங்கள்.

தங்கச்சி சஹ்லா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். லிஃப்ட் இன்னும் சரியில்லை, வாச்சரும் கீழ்க் கடைக்காரரும் அவளைக் கதிரையில் இருத்தி அப்படியே தூக்கிக்கொண்டு வந்தார்கள், பாரமே இல்லை என்று வாச்சர் சொன்னார், அதைக் கேட்டு நான் குசினிக்குள் போய் அழுதேன். கழுத்தில் காது தொடங்கித் தொண்டைவரை தையல். கதைக்கிறாள், ஆனால் எனக்கு மட்டும்தான் விளங்கும், மற்றவர்களுக்கு போனில் எழுதிக் காட்டுகிறாள். பம்பலப்பிட்டி ஸ்கூலில் அவளிடம் கணக்குப் படித்த பிள்ளைகள் வந்தார்கள், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்துவிட்டாள்.

நடந்ததை நீங்கள் போனில் அரையும் குறையுமாகத்தான் கேட்டீர்கள், நான் முழுதாக எழுதுகிறேன். நாக்கின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு படை இருந்தது, வாய்ப்புண் என்று விட்டமின் குடித்தாள், பிறகு அது புண்ணாகி, சோறு விழுங்க முடியாமல் போய், துண்டு வெட்டிப் பரிசோதித்தபோது புற்றுநோய் என்றார்கள். வெற்றிலையை வாயில் வைக்காத பிள்ளை, இருபத்தேழு வயது. ஓப்பரேஷன் செய்து நாக்கில் ஒரு பகுதியை எடுத்தார்கள். மிச்சம் மீதி இல்லாமல் இருக்க கதிர் வைத்தியம், அதுதான் கரண்ட் பிடிக்க வேண்டும், அதோடு சேர்த்து மருந்தும் ஏற்ற வேண்டும் என்றார்கள். அதற்கு முன்னர் அந்த டொக்டர் மிஸ், சிங்களப் பிள்ளை, நல்ல பொறுமைசாலி, சஹ்லாவின் கையைப் பிடித்துப் பெருவிரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. அது சின்னதாக இருக்கும் என்று நாங்கள் எல்லாரும் செல்லமாகச் சொல்லுவோமே. முதுகில் இருக்கிற மண்ணிறத் திட்டுகளையும் பார்த்தா, சின்ன வயதிலிருந்தே இரத்தம் குறைவா என்றும் கேட்டா. பிறகு என்னைப் பார்த்து, எனக்கு விளங்க வேண்டும் என்று மெதுவாகக் கேட்டா, உங்கள் குடும்பத்தில் யாருக்கும் பிறப்பிலேயே இரத்த வருத்தம் இருந்ததா, சின்ன வயதில் பிள்ளை ஏதும் மௌத்தாகினதா என்று. நான் யோசித்துவிட்டு, என் மதினியின் மகன் ஜவாத் பத்து வயதில் இந்தியாவில் மௌத்தானான், அது மூளைக்காய்ச்சல் என்று சொன்னேன். அவனைப் பெற்ற உங்கள் பீபி மாமி என் பக்கத்தில்தான் இருந்தார். டொக்டர் அவரைப் பார்த்தா. மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஓம் டொக்டர், மூளக்காய்ச்சல்தான், எங்கட குடும்பத்துல வேற ஒண்டும் இல்ல" என்று சொன்னார். மகன், அந்தக் கையின் சூடு இன்னும் என் கையில் இருக்கிறது.

டொக்டருக்கு மனம் ஆறவில்லை, இரத்தம் எடுத்து ஒரு விசேஷப் பரிசோதனைக்கு வெளிநாடு அனுப்பினா. அது வர நாள் எடுக்கும், புற்று அதுவரை காத்திருக்காது, குடும்பத்திலும் ஒன்றும் இல்லை என்று நாங்களே சொல்லிவிட்டோம். மருந்தை ஏற்றினார்கள், கரண்டும் பிடிக்கத் தொடங்கினார்கள். மற்ற நோயாளிகளுக்கும் வாய் புண்ணாகும்தான், ஆனால் சஹ்லாவின் வாய் உள்ளும் புறமும் வெந்து தோல் கழன்றது. வெள்ளை அணுக்கள் விழுந்தன, மூக்கால் இரத்தம் வந்தது, காய்ச்சல் ஏறி ஐசியூவில் போட்டார்கள். நான் கண்ணாடிக்கு வெளியே நின்று யாசீன் ஓதினேன். மாமி தினமும் கிராண்ட்பாஸிலிருந்து திரீவீலில் கஞ்சி கொண்டுவந்து என்னைச் சாப்பிடவைத்தார். எனக்கு மூத்த சகோதரியாக ஒரு தாத்தா இல்லாத குறையை இந்த மனுசி தீர்க்கிறார் என்று அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன், மகன், வாய்விட்டுச் சொன்னேன்.

ஒரு நாள் மாமி வரவில்லை, பௌஸி மாமா தனியாக வந்தார். ஐசியூ வாசலில் இருக்கிற நீள வாங்கில் உட்கார்ந்து அழத் தொடங்கினார். வாப்பாவின் ஜனாஸாவில்கூட அவர் அப்படி அழவில்லை. "தங்கச்சி, ஜவாதுக்கு மூளக்காய்ச்சல் இல்ல" என்றார். இந்தியாவில் அந்த நோய்க்குப் பெயர் சொல்லியிருக்கிறார்கள், ஃபன்கோனி என்று. தாய் தகப்பன் இரண்டு பக்கத்தாலும் வருகிற நோய், உங்கள் சொந்தத்துக்குள் கலியாணம் செய்தவர்கள் எல்லாருக்கும் சொல்லுங்கள், பிள்ளைகளைப் பரிசோதியுங்கள் என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மாமியும் வாப்பாவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள், நானும் மாமாவும் சின்னம்மா பெரியம்மா பிள்ளைகள், சொல்ல வேண்டிய முதல் வீடு எங்கள் வீடுதான். மூன்று பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதைச் சொன்னால் யார் கேட்டு வருவார்கள் என்று மாமி அவர் வாயைக் கட்டிவிட்டார். அப்போது சஹ்லா சின்னப் பிள்ளை, நான் பேன் பார்த்துத் தலை பின்னிவிட்ட வயது.

நான் ஓடிப்போய் டொக்டரிடம் சொன்னேன். அவ உடனே பெரிய டொக்டருக்குப் போன் எடுத்தா. காய்ச்சலால் தள்ளிவைத்திருந்த கரண்டையும் மருந்தையும் அன்றைக்கே அடியோடு நிற்பாட்டினார்கள். பிறகு எனக்கு விளங்கப்படுத்தினா. உடம்பில் பழுதாகிற உயிர்க் கலங்களைத் திருத்துகிற சக்தி இந்தப் பிள்ளைகளுக்குப் பிறப்பிலேயே இல்லையாம், அதனால்தான் வாயில் சின்ன வயதிலேயே புற்று வருகிறது, அதனால்தான் புற்றைக் கொல்கிற மருந்து இவர்களையும் சேர்த்துக் கொல்கிறது. இவர்களுக்குக் கத்திதான் முதல் வைத்தியம், முடிந்தளவு வெட்டித்தான் எடுக்க வேண்டும், மற்றது எல்லாம் பயந்து பயந்து தொட வேண்டியது. முதலே தெரிந்திருந்தால் சில மாதத்துக்கு ஒருமுறை வாயைப் பார்த்து, அந்தப் படை புண்ணாக முன்னரே சின்னதாக எடுத்திருக்கலாமாம். சஹ்லா தேறி எழும்பிய பிறகு கழுத்தைத் திறந்து கட்டிகளை எடுத்தார்கள். எடுத்த இடம் சுத்தமாக இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். வெளிநாட்டு ரிப்போட்டும் அதையேதான் சொன்னது.

இப்போது உங்களுடைய விஷயத்துக்கு வருகிறேன். அந்த வாங்கில் வைத்தே மாமாவிடம் கேட்டேன், இது வேறு யாருக்குத் தெரியும் என்று. அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "சப்ரிக்குத் தெரியும்" என்றார். தன் மகள் ரிஸ்னாவை உங்களுக்குக் கலியாணம் செய்து தர முன்னர் மனச்சாட்சி குத்தி அவர் உங்களிடம் சொன்னாராம். நீங்கள், "உம்மாட்ட சொல்ல வாணாம் மாமா, இந்தக் கலியாணத்துக்கு விடமாட்டா" என்றீர்களாம். மெல்பேர்னில் உங்கள் இரத்தத்தைப் பரிசோதித்துப் பார்த்தீர்களாம், உங்களிடம் அந்தக் குறை இல்லை என்று வந்ததாம், மாமாவுக்குப் போன் எடுத்து இனி யோசிக்க வேண்டாம் என்றீர்களாம். நான் அவரைப் பொய்க்காரர் என்று ஏசினேன். எத்தனை பொய் கேட்ட பிறகும் என் பிள்ளையைப் பற்றிச் சொன்னதைத்தான் பொய் என்றேன். பிறகு உங்களுக்குப் போன் எடுத்தேன், நீங்கள் இல்லை என்று சொல்லவில்லை, "உம்மா, நான் பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டீர்கள்.

மாமி சொல்லாததை என்னால் விளங்கிக்கொள்ள முடிகிறது, மன்னிக்க முடியவில்லை, ஆனால் விளங்குகிறது, அது பிள்ளையைப் பறிகொடுத்த பயம். உங்களுக்கு என்ன பயம் மகன்? உங்கள் இரத்தம் நல்லது என்று வந்த அன்றைக்கு ஒரே தங்கச்சியின் இரத்தம் எப்படி என்று உங்களுக்குத் தோன்றவில்லையா? கலியாணத்தை நான் தடுத்திருப்பேனோ இல்லையோ எனக்கே தெரியாது. கலியாணம் முடிந்த பிறகாவது சொல்லியிருக்கலாம். நாக்கில் புண் என்று நான் போனில் அழுத அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். மாமி போன வாரம் கேட்டுக்கு வெளியே கஞ்சியோடு நின்றார், வாச்சர் வந்து சொன்னார், நான் இறங்கிப் போகவில்லை. ரிஸ்னாவுக்கு ஒன்றும் தெரியாது என்று மாமா குர்ஆனைத் தொட்டுச் சொன்னார், அந்தப் பிள்ளையில் கோபம் காட்டாதீர்கள். ஆனால் அவவுக்கு நீங்களே சொல்லுங்கள், அவவும் தங்கச்சிமாரும் பரிசோதிக்க வேண்டும் என்று டொக்டர் கட்டாயமாகச் சொன்னா.

இன்னொன்று. சஹ்லாவின் இரத்தம் இன்னும் சரியாக ஏறவில்லை. இன்னும் குறைந்தால் எலும்பு மச்சை மாற்ற வேண்டி வரலாம், அந்த நோய் இல்லாத கூடப்பிறந்தவர் இருந்தால் முதலில் அவருடையதைப் பொருத்திப் பார்ப்போம் என்று டொக்டர் சொன்னா. ஒரு நானா இருக்கிறார் என்று நான் சொன்னேன். சஹ்லா என் கையைத் தட்டிவிட்டு போனை எடுத்து எழுதினாள், எழுதியதை அப்படியே தருகிறேன். "மருந்து ஏத்த முந்தின நாள் பயமா இரிக்கெண்டு நானாக்குத்தான் கோல் எடுத்தன். ஒண்டும் ஆகாது, பிஸ்மி சொல்லி ஏத்துங்க எண்டார். அந்த நேரம் ஜவாத்ட விஷயம் அவருக்கு ஞாபகம் இருந்ததா இல்லயா? அதுக்குப் பதில் சொல்லாம அவர்ட ஒண்டும் எனக்கு வாணாம்."

டொக்டர் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டா. நான் சிங்களத்தில் சொல்லவில்லை, வெட்கமாக இருந்தது.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் நேரான நாவையும் தருவானாக, உங்கள் வீட்டில் பரக்கத்தை இறக்குவானாக. உங்கள் பரிசோதனை ரிப்போட்டை மறக்காமல் எடுத்துக்கொண்டு கிடைக்கிற பிளைட்டில் வாருங்கள். என்னிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம், நேரே அவளுடைய அறைக்குப் போங்கள். ஞாபகம் இருந்தது என்றால் இருந்தது என்று சொல்லுங்கள், அதைக் கேட்டு அவள் உங்களைத் துரத்தினாலும் வாசலிலேயே இருங்கள்.

உங்களைப் பெற்ற உம்மா,
ஸமீமா.